தோளைப் பார்த்துவிட்டுத் துணியைப் பாருங்கள்

போன ஓணத்துக்கு நானும் மைனியும் (அண்ணி) களியக்காவிளையிலிருந்து பாலராமபுரம் போய், ஒரே மாதிரி கசவுக் கரை (பொற்சரிகைக் கரை) போட்ட கைத்தறி செட் முண்டு இரண்டு வாங்கினோம். கீழே உடுத்தும் முண்டும் மேலே போடும் நேரியதும் சேர்ந்ததுதான் செட் முண்டு. எங்கள் இருவருக்கும் ஒரே உடல்வாகு என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள், நாங்களும் நம்பியிருந்தோம். உடுத்திப் பார்த்தபோது மைனிக்கு அது அளவெடுத்து நெய்ததுபோல் அமைந்தது. எனக்கோ, கஞ்சி போட்ட முண்டு கீழே விரிந்து நின்று என்னை ஒரு சுற்றுப் பெரிதாகக் காட்டியது.

பிறகு இருவரும் சுடிதார் தைக்கக் கொடுத்தபோது, தையல்கார அக்காவின் நோட்டில் காரணம் கிடைத்தது. இருவருக்கும் இடை 31 அங்குலம். மைனிக்கு மார்பு 39, சீட் (இடைக்குக் கீழே அகன்ற பகுதி) 40. எனக்கு மார்பு 35, சீட் 41.

பேரிக்காய் வடிவம், மணற்கடிகார வடிவம் என்று சொல்கிறார்களே, இரண்டிலும் இடை ஒடுங்கிக் கீழே அகன்றுதான் இருக்கும். தோளும் மார்பும் அந்த அகலத்துக்கு ஈடுகொடுக்கின்றனவா என்பதில்தான் வேறுபாடு. நாமோ கண்ணாடி முன் நின்றதும் இடுப்பைத்தான் பார்க்கிறோம். போதாததற்கு, ஒடுங்கிய இடத்தையும் அகன்ற இடத்தையும் பேச்சில் 'இடுப்பு' என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். தையல்காரர்கள் கீழ்ப்பகுதியைச் 'சீட்' என்று பிரித்துச் சொல்வதன் அருமை எனக்கு அன்றுதான் தெரிந்தது.

என்னைப் போன்ற பேரிக்காய் உடம்புக்காரர்கள் நேரியதின் மடிப்புகளைத் தோள் முனைவரை சற்று விரித்துக் குத்திக்கொள்ளலாம். பிளவுஸின் கையில் சிறிது பஃப் வைத்தால் மேலும் கீழும் சமனாகும். அதே பஃப் மணற்கடிகார உடம்புள்ள மைனியின் தோளை அநியாயத்துக்கு அகலமாக்கிவிடும். அவருக்கு மடிப்பு ஒடுக்கமாகவும் இடை பிடிப்பாகவும் இருந்தாலே போதும். ரெடிமேட் குர்த்தி பெரும்பாலும் மார்பளவை வைத்தே வருவதால், பேரிக்காய் உடம்புக்காரர்கள் சீட்டுக்குப் பொருந்துவதை எடுத்து மார்பைப் பிடித்துத் தைத்துக்கொள்வதே நல்லது. "உங்களுக்கு எல்லாம் நல்லாயிருக்கும்" என்று கடையில் சொல்வதை நான் இப்போதெல்லாம் காதில் வாங்குவதில்லை.

நேர்கோட்டு உடம்பையும் ஆப்பிள் உடம்பையும் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. இடை அவ்வளவாக ஒடுங்காமல் மார்பும் இடையும் சீட்டும் ஏறக்குறைய ஒரே நேராக இருந்தால் அது நேர்கோடு. வயிறு மார்புக்கு ஈடாகவோ அதற்கு மேலாகவோ முன்வந்திருந்தால் அது ஆப்பிள். அவர்கள் இடையை இறுக்கும் பெல்ட்டைத் தவிர்க்கலாம்.

இந்த ஓணத்துக்கும் எனக்கு அதே செட் முண்டுதான். கஞ்சியை மட்டும் விட்டுவிடப் போகிறேன்.