ராஃபி அமெரிக்கர் அல்ல, ‘பேபி பெலுகா’ விளம்பரப் பாட்டும் அல்ல

குழந்தைகளுக்கான பாடகர் ராஃபியை அமெரிக்கர் என்றும், அவருடைய ‘பேபி பெலுகா’வைப் பொம்மை விற்க எழுதிய பாட்டு என்றும் ஒருவர் சொல்லியிருக்கிறார். இரண்டும் தவறு. ராஃபி 1948இல் கெய்ரோவில் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்து, பத்து வயதில் கனடா போனவர். முதலில் பெரியவர்களுக்குத்தான் கிதாரோடு நாட்டுப்புறப் பாடல்கள் பாடினார். அப்புறம் மாமியார் நடத்திய மழலையர் பள்ளியில் பாடப்போய், 1976இல் குழந்தைகளுக்கான முதல் ஆல்பம் வந்தது. வான்கூவர் நீர்வாழ் காட்சியகத்தில் காவ்னா என்ற பெலுகா திமிங்கிலத்தைப் பார்த்ததில் பிறந்ததுதான் 1980இல் வெளியான அந்தப் பாட்டு. விளம்பரமா? குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்வார்கள் என்பதாலேயே ‘பேபி பெலுகா’ திரைப்படத் திட்டத்தையே மறுத்த மனிதர் அவர்! ஆனால் அவர் பாடிய ‘டவுன் பை தி பே’ பழைய மரபுப் பாடல்; அதை அவர் கணக்கில் எழுதவேண்டாம்.