டிஜே மேடையில் பழைய பாடலுக்கு இடம் உண்டா? டர்பனிலிருந்து ஒரு கருத்து

திருமண வரவேற்பில் டிஜே பழைய பாடல்களைப் போட வேண்டுமா என்ற வாக்குவாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பகுதியில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் என்று நம்மவர் வாழும் இடமெல்லாம் ஓயாமல் நடக்கிறது. போடத்தான் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால், பெரியவர்களுக்கு மரியாதை செய்ய வேண்டும், தமிழை மறந்துவிடக் கூடாது என்று இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களை நான் ஏற்கவில்லை. கடமைக்காகப் போடப்படும் பாட்டுக்கு எவரும் மனம் ஒன்றி ஆடுவதில்லை. நல்ல பழைய பாடல் ஆடுதளத்தை நிரப்பும் என்பதற்காகவே அதைப் போட வேண்டும். நிரப்பவில்லையென்றால், பழுது பெரும்பாலும் பாட்டில் இல்லை, அதைப் போட்ட விதத்தில் இருக்கிறது.

இங்கே வழக்கமாக நடப்பதைப் பாருங்கள். உணவு பரிமாறும் நேரத்தில், எவரும் எழுந்து ஆட முடியாதபோது, எம். எஸ். விஸ்வநாதன் காலத்துப் பாடல்களையும் இளையராஜாவின் மெல்லிசையையும் வரிசையாக ஓடவிடுவார்கள். பிரியாணித் தட்டுகளை எடுத்ததும் விளக்குகள் அணையும்; அமாபியானோ என்னும் இந்நாட்டு நடன இசையும் புதுக் குத்துப்பாட்டும் தொடங்கும்; அதன் பிறகு பழைய பாடல் என்ற பேச்சுக்கே இடமில்லை. இலையோரத்து ஊறுகாய்போல் அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, ஆயாவும் தாத்தாவும் வீட்டுக்குக் கிளம்புவதற்குள் அவர்களுக்கும் ஒப்புக்குக் கொஞ்சம் போட்டாயிற்று என்று கணக்கு முடிக்கிறார்கள்.

இந்த நாட்டின் மற்ற மக்கள் தங்கள் பழைய பாடல்களை இப்படி நடத்துவதில்லை. ஜூலு நண்பர்களின் திருமணத்துக்குப் போனவர்களுக்கு இது தெரியும். 2004இல் மறைந்த பிரெண்டா ஃபாஸி 1990களின் பிற்பகுதியில் பாடிய ‘வுலிண்ட்லேலா’ பாடல், அன்றைய புதுப் பாடல்கள் உச்சத்தில் இருக்கும் வேளையிலேயே எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒலிக்கும்; பதினாறு வயதுப் பெண்ணும் அவளுடைய பாட்டியும் ஒரே வரியைச் சேர்ந்து பாடுவார்கள். மகனுக்குத் திருமணம் என்று மகிழும் ஒரு தாயின் குரலில் அமைந்த பாட்டு அது. அதை எவரும் பழைய பாட்டு என்று தனியே பிரித்து வைப்பதில்லை. திருமணமென்றால் அந்தப் பாட்டு உண்டு, அவ்வளவுதான். ஹவுஸ் என்னும் நடன இசையை இவ்வளவு ஆழமாகச் சொந்தமாக்கிக்கொண்ட நாட்டில், அந்த இசையின் வேகத்தைக் குறைத்து க்வைட்டோவை உருவாக்கிய நாட்டில், நல்ல டிஜே என்பவர் இருபது ஆண்டுகளுக்கு முந்தைய பாட்டை எந்த இடத்தில் இறக்க வேண்டும் என்று அறிந்தவர்தான்.

நம் டிஜேக்கள் தயங்குவதற்கு நியாயமான தொழில்நுட்பக் காரணங்கள் இருக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. அன்னக்கிளி வெளிவந்த 1976ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு பாடல் பதிவென்றால், தபேலாவும் டிரம்ஸும் வயலின் கூட்டமும் ஒரே கூடத்தில் அமர்ந்து நேரடியாக வாசித்த வாசிப்பு. இடையிசையில் வேகம் சற்றுக் கூடும், சரணத்தில் சற்றுத் தளரும். அந்தத் தளர்விலும் விரைவிலும்தான் அப்பாடலின் உயிர் இருக்கிறது. கணினியின் துணையோடு சீரான தாளத்தில் பாடல்களை அமைப்பது 1980களின் பிற்பகுதியில் மெல்ல நுழைந்து, 1992இல் ஏ. ஆர். ரஹ்மான் வந்த பிறகே பரவலாயிற்று. ஆகவே, நிமிடத்துக்கு ஏறத்தாழ 112 துடிப்பில் அசையாமல் நிற்கும் ஓர் அமாபியானோ பாடலின் மேல் 1970களின் பாடலைப் பொருத்த முயன்றால், முதல் சில விநாடிகள் சேர்ந்தே போகும். பிறகு இரண்டும் ஒன்றையொன்று மிதித்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, 1970களின் நடுவில் நியூயார்க்கில் நடன அரங்குகளுக்கென்றே 12 அங்குல இசைத்தட்டுகள் தோன்றியதிலிருந்து டிஜேக்களுக்குக் கிடைத்துவரும் நீண்ட தாள முன்னுரையும் முடிவுரையும் திரைப்பாடலில் கிடையாது. ஒலியளவும் குறைவு, பேஸ் எனப்படும் அடித்தள ஒலியும் மெலிவு. புதுப் பாடலுக்கு அடுத்து அப்படியே போட்டால் ஸ்பீக்கர் பாதி இறந்துவிட்டதுபோல் தோன்றும்.

ஆனால் இவை எல்லாம் விழாவுக்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து தீர்க்கக்கூடிய சிக்கல்கள். வேகம் மாறும் பாடலுக்கு அந்த மாற்றத்தைப் பின்பற்றியே தாளக்கோடு வரைந்து தரும் மென்பொருள்கள் இன்று பல டிஜேக்களின் மடிக்கணினியிலும் இருக்கின்றன. ஒலியளவை உயர்த்தி, பேஸ் ஒலியைச் சற்றுத் தூக்கி, முன்னிசையின் நான்கு அடிகளைத் திரும்பத் திரும்ப வரச்செய்து ஒரு நுழைவாயில் அமைத்துக்கொள்ளலாம். மூன்றாகப் பிரியும் திஸ்ர நடைப் பாடல்தான் உண்மையில் சிரமமானது. அதற்கும் ஒரு வழி இருக்கிறது: ஓடிக்கொண்டிருக்கும் ஹவுஸ் பாடலில் மற்றத் தாளங்களையெல்லாம் உருவிவிட்டு, கனத்த அடியை மட்டும் விட்டுவைத்தால், அந்த அடியின் மேல் திஸ்ரம் தடையின்றி உட்காரும். இவை ஒன்றும் வேண்டாமென்றால், ஓடிக்கொண்டிருக்கும் பாட்டை நிறுத்திவிடுங்கள். இரண்டு விநாடி அமைதி, பிறகு எல்லோருக்கும் தெரிந்த அந்த முன்னிசை. முதல் மூன்று சுரங்களிலேயே கூச்சல் எழும். கலந்து கலந்து போடுவதையே திறமை என்று நம்பும் இளைஞர்களுக்கு இந்த எளிய வழி ஏனோ கௌரவக் குறைவாகப் படுகிறது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது ரீமிக்ஸ்களின்மேல்தான். பழைய பாடலைப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு, பல்லவியை மட்டும் வெட்டி எடுத்து, குரலை அணிலின் குரலாக்கி, அதன் கீழே எந்திர அடியை ஓட்டுவது பழைய பாடலைப் போடுவதாகாது. 1991இல் வந்த தளபதி படத்தின் ‘ராக்கம்மா கையத் தட்டு’ பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 2002இல் பிபிசி உலகச் சேவை நடத்திய வாக்கெடுப்பில் நான்காம் இடம் பெற்றது அது. ஆட்டம் கொதித்துக்கொண்டிருக்கும் இடத்தில் திடீரென்று எல்லாம் அடங்கி, ‘குனித்த புருவமும்’ என்று அப்பரின் தேவாரம் எழுகிறது. அது முடிந்த பிறகு தாளம் மீண்டும் பாய்ந்து வருகிறது. நடன இசையில் அடியை முற்றிலும் எடுத்துவிட்டு, கூட்டத்தைக் காத்திருக்க வைத்து, மறுபடி கொடுப்பதற்கு இன்றைய டிஜேக்கள் எவ்வளவு பாடுபடுகிறார்கள்! இங்கே இசையமைப்பாளரே அதைச் செய்து வைத்திருக்கிறார். நம் டிஜேக்களோ கூட்டம் நின்றுவிடும் என்று பயந்து, பெரும்பாலும் அந்த இடத்தைத்தான் வெட்டுகிறார்கள். கோயிலில் தேவாரம் கேட்டு வளர்ந்த கூட்டம் அந்த வரிகளுக்கு ஆடாமல் நிற்கலாம், நின்றால் என்ன? அடுத்த அடி விழும்போது அந்தக் கால்களில் கூடும் வேகத்தை வேறெந்த வழியில் வரவழைக்க முடியும்?

நம் வீடுகளில் இப்பாடல்களுக்கு வேறொரு வரலாறும் உண்டு. இந்தியா 1946இல் இந்நாட்டின்மேல் விதித்த வணிகத்தடை 1990களின் தொடக்கம்வரை நீடித்ததால், இசைத்தட்டுகள் சுற்றுவழியில்தான் வந்துசேர்ந்தன. கிடைத்த தட்டு தேயும்வரை ஓடியது. திருமணங்களில் அந்தப் பாடல்களை வாசித்தவை உள்ளூர் ஆர்கெஸ்ட்ராக் குழுக்கள். 1983இல் இங்குள்ள இந்தியர்களுக்கான ரேடியோ லோட்டஸ் வானொலி தொடங்கிய பிறகு அவை சமையலறைகளுக்குள்ளும் வந்தன. இன்றைய டிஜே அந்த ஆர்கெஸ்ட்ராவின் இடத்தில்தான் நிற்கிறார். தமிழ் பேசத் தெரியாத நம் பிள்ளைகள்கூடப் பொருள் அறியாமலே முழுப் பல்லவியையும் பாடுகிறார்கள் என்றால், அந்தப் பாட்டு அவர்களுடையது இல்லை என்று ஒரு டிஜே எப்படி முடிவுசெய்யலாம்?

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இரவு முழுவதும் பழையதே ஓட வேண்டும் என்று டிஜேயின் மேசையருகில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் மாமாக்களும் இந்தச் சிக்கலில் பங்குள்ளவர்கள். சோகப் பாடல் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் வரவேற்பில் அதற்கு இடமில்லை; அதைக் கேட்கவேண்டுமானால் காரில் கேட்கலாம். ஒரு மணி நேரத்துக்கு மூன்று அல்லது நான்கு பழைய பாடல்கள், புதியவற்றின் நடுவே, கூட்டம் சூடேறியிருக்கும் வேளையில், முழுதாக. என் கணக்கில் அது போதும். எந்தப் பாடல்கள் என்பதை டிஜே முடிவுசெய்யட்டும். விருப்பப் பாடல் இருந்தால் ஒரு வாரத்துக்கு முன்பே, படத்தின் பெயரோடும் பாடகர் பெயரோடும் எழுதிக் கொடுங்கள். அன்றிரவு வாட்ஸ்அப்பில் அனுப்பும் தேய்ந்த ஒலிக்கோப்பை அவ்வளவு பெரிய ஸ்பீக்கரில் போட்டால், எந்த இசையமைப்பாளரின் பாட்டும் தகரமாகத்தான் கேட்கும்.