பேரேட்டில் யார் பெயர்?

பழைய அமெரிக்கக் கிராமத்துக் கடை ஒன்றின் படத்தைப் போட்டு, "காசே புழங்காத காலம், முட்டையைக் கொடுத்து உப்பு வாங்கினார்கள், கடன் தொல்லை கிடையாது, மனிதர்கள் நிம்மதியாக இருந்தார்கள்" என்று ஒரு பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. தோழிகள் நாலைந்து பேர் எனக்கும் அனுப்பிவிட்டார்கள். முதலில் பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. முட்டை கொடுத்து உப்பு வாங்கியது உண்மை. கடன் கிடையாது என்பது முழுப் பொய். அந்தக் கடைகள் நின்றதே கடனில்தான்.

மகள் மாசசூசெட்ஸில் இருக்கிறாள். அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஓல்டு ஸ்டர்பிரிட்ஜ் வில்லேஜ் என்ற இடத்துக்குக் கூட்டிப்போனாள். 1790 முதல் 1840 வரையிலான நியூ இங்கிலாந்து (அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களுக்கு அப்படித்தான் பெயர்) கிராமம் எப்படி இருந்ததோ அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு கடை. வெர்மான்ட்டில் டம்மர்ஸ்டன் என்ற ஊரில் ஏசா நைட் என்பவர் நடத்திய கடையை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தது. மற்ற வீடுகளில் பத்து நிமிடம் நின்ற நான், அந்தக் கடைக்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருப்பேன்.

அந்தக் காலத்துக் கிராமக் கடையில் என்ன இருந்தது என்று நினைக்கிறீர்கள்? சுற்றுப்பட்டில் விளையாத, செய்ய முடியாத எல்லாமும். உப்பு, தேயிலை, காப்பிக்கொட்டை, இஞ்சி, மிளகு, ஆணி, கண்ணாடி, இங்கிலாந்துப் பீங்கான், நீலச் சாயம். நீலத்தாளில் சுற்றிய கூம்புச் சர்க்கரை. அதை இடுக்கியால் உடைத்துத்தான் புழங்க வேண்டும். பீப்பாயில் கரும்புப் பாகு, பக்கத்திலேயே ரம். அப்புறம் சீட்டித் துணி. அதை அவர்கள் 'காலிகோ' என்றார்கள். நம் பக்கத்துக் கள்ளிக்கோட்டையின் பெயர்தான் அது. 1830களில் அந்த அலமாரியில் இருந்த காலிகோ பெரும்பாலும் இங்கிலாந்து ஆலையிலோ அமெரிக்க ஆலையிலோ அச்சானது. நம் பக்கத்து நெசவு போய்விட்டது, ஊர்ப்பெயர் மட்டும் துணியோடு ஒட்டிக்கொண்டு அங்கே வரை போயிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் நின்றேன்.

சரி, வியாபாரம் எப்படி நடந்தது? பக்கத்துப் பண்ணையிலிருந்து ஒரு பெண் வெண்ணெய் கொண்டுவருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் எடை போடுகிறார். இத்தனை பவுண்டு, இன்ன விலை. அவளுக்கு வேண்டியது தேயிலையும் கொஞ்சம் சீட்டித் துணியும். வெண்ணெயின் மதிப்பும் தேயிலையின் மதிப்பும் அன்றைக்கே சமமாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. இரண்டையும் அன்றைய சிட்டையில், அதாவது தினக்கணக்கில், எழுதுகிறார். பிறகு அது பேரேட்டில், அதாவது ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கிய கணக்குப் புத்தகத்தில், ஏறுகிறது: ஒரு பக்கம் பற்று, ஒரு பக்கம் வரவு. ஆறு மாதம், ஒரு வருடம், சில சமயம் அதற்கும் மேலே போன பிறகு இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார்கள். மிச்சத்தை அடுத்த பக்கத்துக்குத் தள்ளி, கையெழுத்துப் போட்டுக்கொண்டு போவார்கள். இதைப் பண்டமாற்று என்று சொல்வது சரியாகாது. இது கணக்கு. பொருளுக்குப் பொருள் கைமாறிய இடத்திலும் ஒவ்வொன்றுக்கும் பணத்தில் ஒரு விலை எழுதப்பட்டது.

அந்த விலையை எழுதிய விதம் இன்னும் விசேஷம். 1792 சட்டப்படி டாலரும் சென்ட்டும் வந்துவிட்டன. ஆனால் கிராமத்துப் பேரேடுகளில் அதற்குப் பிறகும் வெகுகாலம் பழைய பிரிட்டிஷ் பணக் கணக்கான பவுண்டு, ஷில்லிங், பென்ஸ்தான். அதிலும் நியூ இங்கிலாந்தில் ஒரு டாலருக்கு 6 ஷில்லிங், நியூயார்க்கில் 8 ஷில்லிங், பென்சில்வேனியாவில் ஏழரை ஷில்லிங். எல்லை தாண்டினால் ஷில்லிங்கின் மதிப்பே மாறிவிடும். கையில் புழங்கிய வெள்ளி நாணயமோ பெரும்பாலும் ஸ்பானிய டாலர். மெக்சிகோவிலும் பொலிவியா மலைகளிலும் தோண்டிய வெள்ளி. அதில் எட்டில் ஒரு பங்கு ஒரு 'பிட்', அதாவது பன்னிரண்டரை சென்ட். 1857 வரை இந்த அயல்நாட்டு நாணயம் அமெரிக்காவில் சட்டப்படி செல்லுபடியானது.

ஆபிரகாம் லிங்கன் இளவயதில் இல்லினாயின் நியூ சேலத்தில் வில்லியம் பெர்ரி என்பவரோடு கூட்டாகக் கடை வைத்திருந்தார். 1833-ல் அந்தக் கடைக்குக் கிடைத்த மதுக்கூட உரிமத்தில் அரைப் பைன்ட் விஸ்கி 12½ சென்ட், பீச் பிராந்தி 18¾ சென்ட் என்று இருக்கிறது. முதலில் படித்தபோது இது என்ன கிறுக்கு விலை என்று தோன்றியது. அது ஒரு பிட், மற்றது ஒன்றரை பிட். அவ்வளவுதான்.

நாணயம் அத்தனை அரிது. அதனால் ஊரில் கிடைத்ததெல்லாம் வரவு ஆனது: வெண்ணெய், பாலாடைக்கட்டி, முட்டை, தேன்மெழுகு, இறகு, ஆளி விதை, கந்தல் துணி. கந்தல் காகித ஆலைக்குப் போகும். எனக்கு ரொம்பப் பிடித்தது சாம்பல். ஆமாம், அடுப்புச் சாம்பல். காட்டை வெட்டி நிலமாக்க வந்தவர்களுக்கு முதல் அறுவடையே மரம் எரித்த சாம்பல்தான். அதைக் கடைக்காரர் புஷல் என்ற முகத்தல் அளவில் வாங்கி, காய்ச்சி, பொட்டாஷ் என்ற காரப்பொருளாக்கி நகரத்துக்கு அனுப்புவார். அங்கிருந்து இங்கிலாந்துக் கண்ணாடி, சோப்பு, துணித் தொழில்களுக்குக் கப்பலேறும். 1790 ஜூலை 31 அன்று அமெரிக்க அரசு கொடுத்த முதல் காப்புரிமையே சாமுவேல் ஹாப்கின்ஸ் என்பவருக்கு, இந்தப் பொட்டாஷ் செய்யும் முறைக்காகத்தான். காட்டோரம் ஒருவர் கூடையில் அள்ளிக்கொண்டு போன சாம்பல் அவர் கணக்கில் தேயிலையாக மாறியது. இந்தக் காட்சியில் அழகு இருக்கிறது, மறுக்கவில்லை. காசில்லாதவரை "அப்புறம் கொடு" என்று காத்திருந்த பேரேடு அது. பல கணக்குகளில் மாதக்கணக்கில் வட்டியே போடவில்லை. அந்தப் பொறுமை இல்லாமல் பல புதுக் குடியேற்றங்கள் முதல் குளிர்காலத்தைத் தாண்டியிருக்காது என்றே நினைக்கிறேன்.

ஆனால் அந்தப் பொறுமை கடைக்காரருடையது மட்டும் அல்ல. அவரும் கடனில்தான் சரக்கு எடுத்தார். பாஸ்டன் மொத்த வியாபாரி அவருக்குக் கடன் கொடுத்தார், லண்டன் வியாபாரி பாஸ்டன்காரருக்குக் கொடுத்தார். சங்கிலியின் அந்த முனையில் ஒருவர் இழுத்தால் இந்த முனையில் ஒரு விவசாயி விழுவார்.

1780களில் நடந்தது அதுதான். பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்கச் சுதந்திரப் போர் முடிந்த கையோடு லண்டன் பாக்கியைக் கேட்டது, வெள்ளியாகக் கேட்டது. பாஸ்டன் கிராமக் கடைக்காரரை நெருக்கியது. கடைக்காரர் விவசாயியை நீதிமன்றத்துக்கு இழுத்தார். போதாததற்கு மாநில வரியையும் நாணயமாகவே கட்டச் சொன்னார்கள். வெண்ணெயையும் தானியத்தையும் வரவு வைத்துக்கொண்டிருந்த அதே பேரேடு, ஒரே நாளில் வழக்குச் சாட்சியாகிவிட்டது. போரில் சண்டையிட்டுத் திரும்பியவர்களின் மாடுகளும் நிலமும் ஜப்திக்குப் போயின, சிலர் கடனுக்காகச் சிறைக்கே போனார்கள். 1786 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் நார்த்தாம்ப்டன் நீதிமன்றத்தைக் கூட்டமாகப் போய் நடக்கவிடாமல் செய்தார்கள். அந்தக் கிளர்ச்சியின் முகமாக ஆனவர் டேனியல் ஷேஸ். முன்னாள் படைத்தலைவர், பெல்ஹாம் ஊர் விவசாயி. 1787 ஜனவரியில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கு முன்னால் பீரங்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். கடன் தொல்லை இல்லாத காலமாம்!

இன்னும் மோசமானது ஒன்று உண்டு. 1803 பிப்ரவரியில் ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன், இண்டியானா பிரதேச ஆளுநர் வில்லியம் ஹென்றி ஹாரிசனுக்கு ஒரு கடிதம் எழுதினார். பூர்வகுடிகளில் செல்வாக்கானவர்கள் அரசின் வணிக நிலையங்களில் கடன்படுவது நமக்கு மகிழ்ச்சியே, கட்ட முடியாத அளவுக்குக் கடன் ஏறினால் நிலத்தைக் கொடுத்துத் தீர்க்க முன்வருவார்கள் என்பது அதன் சாரம். இரண்டு வருடத்தில், 1805-ல், சிக்கசா என்ற பூர்வகுடி மக்கள் ஒப்பந்தம் போட்டு நிலத்தைக் கொடுத்தார்கள். பதிலுக்குக் கிடைத்த 20,000 டாலர், அவர்களின் பொதுத் தேவைக்கும் வணிகர்களுக்குப் பட்ட கடனைத் தீர்க்கவும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. துப்பாக்கி மருந்தும் போர்வையும் வாங்கிய கணக்கு, கடைசியில் நிலத்தில் முடிந்தது. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம், கணக்கே இல்லாதவர்கள். அந்தக் கடையின் சர்க்கரையும் கரும்புப் பாகும் பெரும்பாலும் கரீபியன் தீவுகளில் அடிமைகள் உழைத்து வந்தவை. ரம் அந்தப் பாகிலிருந்து வடித்தது. 1830 வாக்கில் 15 வயதுக்கு மேற்பட்ட அமெரிக்கர் தலைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 7 கேலன் கலப்பற்ற ஆல்கஹால் குடித்தார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பழைய பேரேடுகளில் ரம் திரும்பத் திரும்ப வருவதில் வியப்பில்லை. சீட்டித் துணியின் பஞ்சும் தெற்கே அடிமைகள் பறித்தது. அப்போதே இதை உணர்ந்தவர்கள் உண்டு. 1790களில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் சிலர், அடிமைச் சர்க்கரை வேண்டாம், மேப்பிள் மரத்துச் சர்க்கரை வாங்குங்கள் என்று பெரிய முயற்சி எடுத்தார்கள். ஈடேறவில்லை. ஆனாலும் கடைப்பொருள் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்கள் அல்லவா, அவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை.

லிங்கன் கதையை முடித்துவிடுகிறேன். அவரும் பெர்ரியும் கடையையே கடன் பத்திரம் எழுதிக்கொடுத்து வாங்கினார்கள். ஓடவில்லை. 1835-ல் பெர்ரி இறந்துபோக, ஏறத்தாழ 1,100 டாலர் கடன் லிங்கன் தலையில். அதை அவர் 'தேசியக் கடன்' என்று சொல்வாராம். அந்தக் காலத்தில் கடன் கொடுத்தவர் ஒருவர் வழக்குப் போட்டு, லிங்கனுடைய குதிரை, சேணம், நில அளவைக் கருவிகள் எல்லாம் ஏலத்துக்கு வந்தன. ஜேம்ஸ் ஷார்ட் என்ற பக்கத்துப் பண்ணைக்காரர் ஏலம் எடுத்து, அப்படியே லிங்கன் கையில் திருப்பிக் கொடுத்தார். மீதிக் கடனைக் கட்டி முடிக்க அவருக்குப் பல வருடம் ஆனது.

இவ்வளவும் ஆண்களின் கணக்கு. நான் அந்த வெண்ணெய்க்காரியிடம் திரும்ப வேண்டும். ஸ்டர்பிரிட்ஜ் கடையில் நின்றபோது எனக்கு மனதில் ஓடியது அவள்தான். பால் கறந்து, ஆடை எடுத்து, கடைந்து, உப்புப் போட்டுப் பிசைந்து, கட்டி பிடித்துக் கொண்டுவந்தவள் அவள். கணக்கு அவள் கணவன் பெயரில். திருமணமான பெண்ணுக்குத் தனிச் சொத்தோ, சொந்தமாக ஒப்பந்தம் செய்யும் உரிமையோ அன்றைய சட்டத்தில் கிடையாது. விதவைகளுக்கும் மணமாகாத பெண்களுக்கும்தான் தனிப் பக்கம் அமைய வழி இருந்தது. எல்லோருக்கும் அதுவும் அமையவில்லை.

நியூ ஹாம்ப்ஷயரில் ஃபிட்ஸ்வில்லியம் என்று ஓர் ஊர். அங்கே டெக்ஸ்டர் விட்மோர் என்ற கடைக்காரர் 1830களில் கீறிய ஓலையைச் சுற்றுவட்டாரப் பெண்களுக்குக் கொடுத்துத் தொப்பி முடையச் சொன்னார். ஓலை அந்தக் குளிர் தேசத்தில் விளைந்ததல்ல, கப்பலில் வந்தது. வீட்டு வேலை முடிந்த பிறகு அடுப்போரம் உட்கார்ந்து முடைவார்கள். முடித்த தொப்பியைக் கடையில் கொடுத்தால் வரவு எழுதப்படும். அந்தப் பேரேடுகள் பிழைத்திருக்கின்றன. மகள்கள் முடைந்த தொப்பிகள் பல, அப்பாவின் பக்கத்தில் வரவாகியிருக்கின்றன. சில பெண்களுக்கு மட்டும் தங்கள் பெயரிலேயே ஒரு பக்கம். விரல் தேய முடைந்தது ஒருத்தி, பக்கத்தின் தலைப்பில் வேறு பெயர்.

அந்தப் படத்தை எனக்கு அனுப்பிய தோழிகளே, கோபித்துக்கொள்ளாதீர்கள். அடுத்த முறை அதைப் பகிரும்போது, கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் ஆளைப் பார்த்த பிறகு, மேசை மேல் இருக்கும் அந்தத் தடித்த புத்தகத்தையும் கொஞ்சம் பாருங்கள். வெண்ணெயைக் கடைந்தவள் பெயர் அதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?