காயலான் கடைக்குப் போட அது உங்கள் வீட்டு இரும்பா?

அந்த வீடியோவை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பாம்பன் ரோட்டுப் பாலத்தில் காரை ஓரங்கட்டிவிட்டு, கூலிங் கிளாஸ் தம்பி பழைய ரயில் பாலத்தைக் கைகாட்டி, "இந்தத் துருப்பிடிச்ச இரும்பைக் காயலான் கடைக்குப் போடுங்கப்பா" என்கிறார். கீழே நம்மூர்க்காரர்களே சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறார்கள். அதுதான் வலிக்கிறது.

துருதான். 1914-லிருந்து உப்புக்காற்றில் நிற்பது பளபளவென்றா இருக்கும்? 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது, ரயில் ஆட்களோடு போனது, பாலத்தின் கர்டர்கள், அதாவது இரும்பு உத்தரங்கள், கடலுக்குள் போயின. கப்பலுக்கு வழிவிடத் திறக்கிற, நடுவிலிருந்த தூக்குப் பாலம் விழாமல் நின்றது. விழுந்த கர்டர்களைக் கடலிலிருந்து எடுத்து மாட்டி, ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தார்கள். காயலான் கடைச் சரக்குக்கா இந்தப் பாடு?

சின்ன வயதில், கப்பல் கடக்கிற நாளில் மாமா சைக்கிளில் கூட்டிப்போவார். தூக்குப் பாலத்துக்கு மோட்டார் கிடையாது. ஆட்கள் நீளக் கம்பியைத் தள்ளிக்கொண்டு செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வருவார்கள், சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். அத்தனை பெரிய இரும்பு இரண்டாகப் பிரிந்து மெல்ல மெல்ல எழும். "வெள்ளைக்காரன் பாலத்துக்கு என்ன பாசம்?" என்பவர்களே, தள்ளியது வெள்ளைக்காரனா?

உடனே "புதுப் பாலம் பிடிக்கலையா?" என்று வருவார்கள். பிடிக்கிறது ஐயா. கப்பலுக்கு வழிவிட அதன் 72.5 மீட்டர் நீளத் துண்டு மோட்டாரில் நேராக மேலே போவதை நானும் வாய்பிளந்துதான் பார்த்தேன். பழையதை வைத்துக் காப்பாற்றச் செலவாகுமாம். ஐந்நூறு கோடிக்கு மேல் போட்டவர்களிடம் பெயிண்டுக்குக் காசில்லை போலிருக்கிறது, பாவம். படகுகளுக்கு ஆபத்து என்றால் அது நியாயம், இன்ஜினியர்கள் சொல்லட்டும். முழுப் பாலத்தையும் நான் கேட்கவில்லை. அந்தத் தூக்குப் பாலத்தையாவது கரையில் கொண்டுவந்து நிறுத்துங்கள். காயலான் கடைக்கு மட்டும் வேண்டாம்.

2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் போக்குவரத்து நின்றது. புதுப் பாலம் திறந்த 2025 ஏப்ரல் வரை அக்கரையில் மண்டபம் ஸ்டேஷனில் இறங்கி, மூட்டை முடிச்சோடும் முடியாத அப்பத்தாவோடும் பஸ்ஸுக்கு அல்லாடினோம். அப்போது எந்தத் தம்பியும் கேமராவோடு வரவில்லை. இப்போது பாலம் புதுசானதும் எங்களுக்குப் பாலத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்கள். அந்த வீடியோவில் பாம்பன்காரர் ஒருவரிடமாவது மைக்கை நீட்டினாரா?

சரி, தம்பி, இன்னொரு தடவை வந்தால் ரோட்டுப் பாலத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். எங்கள் ராமேஸ்வரம் தீவிலிருந்து ஆம்புலன்ஸ் ராமநாதபுரம் போக வேறு ரோடு இல்லை.