15 அங்குலம்

இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் பிரிட்டன் தன் டாங்கிகளில் எதை மாற்றியிருக்க வேண்டும் என்று பேச்சு வந்தால், பெரிய பீரங்கி, தடித்த கவசம் என்றுதான் பெரும்பாலும் ஆரம்பிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1938-க்குப் போய் ஒரே ஒரு வரைபடத்தைத் திருத்தலாம் என்றால், நான் கை வைப்பது டரட் வளையத்தில்தான்.

டாங்கியின் தலை சுழல்கிறதே, அது உட்கார்ந்திருக்கும் வட்டம் அது. அதன் அகலத்தைப் பொறுத்துத்தான் உள்ளே ஆளுக்கும் பீரங்கிக்கும் இடம். பீரங்கியை அப்புறம்கூட மாற்றிக்கொள்ளலாம். வட்டம் சிறியதாகப் போய்விட்டால் வண்டியையே புதிதாக வரைய வேண்டும்.

ஜெர்மானியர்களுக்கு இது தெரிந்திருந்தது. தங்கள் பான்சர் 3 டாங்கிக்கு 50 மி.மீ. பீரங்கி கேட்டார் ஜெர்மன் டாங்கித் தளபதி குடேரியன். கிடைத்தது 37 மி.மீ. ஆனால் வளையத்தை 50-க்கு ஏற்ற அகலத்தில் வைத்தார்கள். பின்னால் பீரங்கி மட்டும் மாறியது.

பிரிட்டனின் மட்டில்டா 2 டாங்கிக்கு 78 மி.மீ. கவசம். 1940 மே 21, பிரான்ஸின் அராஸ் சண்டையில் ஜெர்மன் 37 மி.மீ. குண்டுகளால் அதைத் துளைக்க முடியவில்லை. ஜெர்மன் தளபதி ரோமெல் 88 மி.மீ. விமான எதிர்ப்புப் பீரங்கிகளை அதன் பக்கம் திருப்ப வேண்டியதாயிற்று. அப்பேர்ப்பட்ட வண்டிக்கு வெறும் 54 அங்குல வளையம்! அதில் இருந்தது 2 பவுண்டர் பீரங்கி (குண்டின் எடையை வைத்து வந்த பெயர்). அதைவிடப் பெரிய 6 பவுண்டர் பீரங்கிக்கான வேலை 1938-லேயே தொடங்கியிருந்தது. பெரியது வரப்போகிறது என்று தெரிந்தே இடம் விடாமல் கட்டியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1940-ல் பிரான்ஸின் டன்கிர்க்கிலிருந்து பின்வாங்கியபோது பீரங்கிகளை இழந்த பிறகு 2 பவுண்டரையே தொடர்ந்து தயாரித்ததை நான் குறை சொல்ல மாட்டேன். எதிரி எந்த நாளும் கடல் தாண்டி வரலாம் என்ற நிலை அப்போது.

ரயிலில் ஏற்ற அகல வரம்பு இருந்ததே என்பார்கள். சரி, இருந்தது. ஆனால் அமெரிக்க ஷெர்மனும் மட்டில்டாவும் கிட்டத்தட்ட ஒரே அகலம்தான், சுமார் 2.6 மீட்டர். ஷெர்மனின் வளையமோ 69 அங்குலம், மட்டில்டாவைவிட 15 அங்குலம் அதிகம். வண்டியின் உடம்பை டிராக்குகளுக்கு, அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டைகளுக்கு, மேலே விரித்துக் கட்டியிருந்தார்கள்.

குரூசேடர் என்ற பிரிட்டிஷ் டாங்கியிலும் இதே கதைதான். 1942-ல் அதில் 6 பவுண்டரைப் பொருத்தியதும், பீரங்கியில் குண்டு நிரப்புபவருக்கு உள்ளே இடமில்லை. அவரை எடுத்துவிட்டு அந்த வேலையையும் கமாண்டர் தலையில் கட்டினார்கள். எதிரி எங்கே என்று பார்க்க வேண்டும், ஓட்டுநருக்கு வழி சொல்ல வேண்டும், சுடுபவருக்குக் குறி காட்ட வேண்டும். அதற்கு நடுவே, பாலைவனத்தில் சண்டை நடக்கும்போது, வெளியே பார்ப்பதை விட்டுவிட்டுக் குனிந்து குண்டை எடுத்துப் பீரங்கிக்குள் தள்ளவும் வேண்டும்.