சாம்பார் வாளியும் கையெழுத்தும்

முனைவர் பட்ட ஆய்வு மாணவர் ஒருவர் தன் கைடு, அதாவது ஆய்வு நெறியாளர், வீட்டு விசேஷத்தில் சாம்பார் வாளியோடு பந்தி பரிமாறும் படம் ஒன்று இணையத்தில் சுற்றுகிறது. அதைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாளாக இருந்தேன். ஆனால் நேற்று இரவு அந்தத் தம்பியே வந்து, "நான் விரும்பித்தான் பந்தி பரிமாறினேன், யாரும் வற்புறுத்தவில்லை" என்று கமென்ட் போட்டார். உடனே "பார்த்தீர்களா, அவரே சொல்லிவிட்டார்" என்று அதன் கீழே ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. அதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவர் வேறு என்ன எழுத முடியும்? ஆய்வேட்டுக்கு முன்னால் தர வேண்டிய சுருக்கமான சினாப்சிஸ்கூட இன்னும் கொடுக்காதவர். கைடு அந்தப் பதிவில் இருக்கிறார், துறையே அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். எழுதியும் இருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். மறுக்க முடியாத இடத்தில் இருப்பவரிடம் கேட்டு வாங்குவது உதவி ஆகாது. பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டால், "இன்றைக்கு முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். கைடு கூப்பிட்டால் முடியாது. ஃபெல்லோஷிப்புக்கான வருகைச் சான்று, ஆறு மாத அறிக்கை, சினாப்சிஸ், கடைசியில் ஆய்வேடு என்று எல்லாவற்றிலும் அவர் கையெழுத்து வேண்டும். தேர்வாளர் பட்டியலை எழுதித் தருபவரும் பெரும்பாலும் அவர்தான். சரி, கைடை மாற்றிக்கொள்ளலாமே என்றால், பல இடங்களில் அதற்கும் அவரே ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும்.

நான் 2019-இல் சேர்ந்தேன். ஆய்வு மாணவர்களுக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை அப்போது மாதம் 31,000 ரூபாய். சேர்ந்தபோது எங்கள் வீட்டில் அவ்வளவு சந்தோஷம். ஆய்வு, எங்கள் பக்கத்துக் கண்மாய்களின் மடைகளும் நீர்ப்பங்கீடும் பற்றியது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய வருவாய் வாரியப் பதிவேடுகளைப் பார்க்க அனுமதி வாங்கி, பஸ் டிக்கெட்டும் போட்டுவிட்டேன். கிளம்பும் நாள் காலையில் கைடிடமிருந்து போன் வந்தது: "வீட்டுக்கு விருந்தாளிங்க வர்றாங்கம்மா, மேடத்துக்குக் கொஞ்சம் கூடமாட இரு." டிக்கெட்டைக் கேன்சல் செய்தேன். அன்று மாலை வரை வெங்காயம் உரித்தேன். மறுபடி எழும்பூர் போக நாலு மாதம் ஆனது.

இன்னொன்றும் சொல்கிறேன், இதை யாரிடமும் சொன்னதில்லை. என் மூன்றாம் இயலைத் திருத்தக் கொடுத்து வெகு நாளாகியும் பதில் இல்லை. ஒரு நாள் அவர் காரிலிருந்து காய்கறிப் பையை எடுத்து வரச் சொன்னார். கதவைத் திறந்தால், பின் சீட்டில் நான் கொடுத்த அதே நீல ஃபைல். நான் கட்டிய நாடாகூட அவிழ்க்கப்படவில்லை. அதற்கு மேல் முருங்கைக்காய்க் கட்டு. ஃபைலைத் தொடாமல் பையை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"எல்லாக் கைடும் அப்படியா?" என்று கேட்பீர்கள். இல்லை. என் தோழியின் கைடு ஒவ்வொரு வரியையும் பென்சிலால் திருத்தித் தருவார். அவர்களைப் பற்றி நான் எழுதவே இல்லை.

"அவர்களுக்கு எவ்வளவு வேலை தெரியுமா?" தெரியும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) விதிப்படி ஒரு பேராசிரியர் ஆய்வு மாணவர்கள் 8 பேர் வரை, இணைப் பேராசிரியர் 6 பேர் வரை, உதவிப் பேராசிரியர் 4 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். எட்டு ஆய்வேடுகளைப் படிப்பது சுமைதான். அதனால் தாமதமானால் பொறுத்துக்கொள்கிறோம். வெங்காயம் உரிப்பது எந்தச் சுமையில் சேரும்?

"அப்போதே புகார் கொடுக்க வேண்டியதுதானே?" யாரிடம் கொடுப்பது? விசாரிக்கப் போகிறவர் அவரோடு மதியம் டீ குடிப்பவர். புகார் கொடுத்த பிறகும் அதே கையெழுத்துக்கு அதே அறை வாசலில்தான் நிற்க வேண்டும். என் கட்டுரையில் அவர் பெயரை முதலில் போடச் சொன்னபோதும் போட்டுத்தான் கொடுத்தேன். அப்போதிருந்த 2016 விதிப்படி, கட்டுரை வெளிவராமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது. 2022 நவம்பரில் வந்த விதிமுறை அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. அது எனக்கு உதவவில்லை.

அந்தப் பதிவின் கீழே ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், "நாங்களும் இப்படித்தான் செய்தோம், இது குரு பக்தி" என்று எழுதியிருக்கிறார். ஐயா, உங்கள் வயதுக்கு மரியாதை தருகிறேன். ஆனால் நீங்கள் பட்டது எங்களுக்கு எப்படி நியாயமாகும்? எனக்கு என் ஆசிரியர்கள் மேல் பக்தி உண்டு. பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்த டீச்சரைப் பார்த்தால் இன்றும் எழுந்து நிற்கிறேன். அவர் கையெழுத்து எனக்கு எதற்கும் வேண்டியதில்லை. அவர் என்னிடம் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்டதில்லை.

"உனக்குத்தான் பட்டம் வந்துவிட்டதே, இப்போது எதற்கு இதெல்லாம்?" என்று உறவுக்காரர் ஒருவர் காலையில் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். சரி, பட்டம் வந்த நாளையே சொல்கிறேன்.

வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, அன்று தேர்வாளருக்குக் கார், ரூம், சால்வை, துறை முழுவதற்கும் மதியச் சாப்பாடு. எல்லாம் என் செலவு. எந்த விதியிலும் இல்லாத செலவு. அம்மாவின் இரண்டு பவுன் செயின் அடகுக் கடைக்குப் போனது. அப்பா விடியற்காலை பஸ் பிடித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். பொது வாய்மொழித் தேர்வு, யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம். மகள் பேசுவதைக் கேட்கத்தான் வந்தார். நான் பேசத் தொடங்கும் நேரம் பார்த்து, பிரியாணிப் பொட்டலங்கள் இன்னும் வரவில்லை என்று யாரோ சொல்ல, கைடு அப்பாவைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் கீழே போய்ப் பாருங்களேன்" என்றார்.

அப்பா எழுந்து போனார். கண்மாய் மடையைப் பற்றி எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அதை அன்று மேடையிலும் சொன்னேன். இரண்டு கையிலும் பைகளோடு அவர் மாடி ஏறி வந்தபோது எல்லோரும் கைதட்டி முடித்திருந்தார்கள்.