அந்த வாக்குச்சீட்டில் மூன்றாவது வழியே இல்லை
2014-இல், உக்ரைனின் பகுதியாக இருந்த கிரிமியாவின் மக்களே வாக்களித்துத்தான் ரஷ்யாவுடன் இணைந்தார்கள் என்று இந்தக் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிடுகிறது. வாக்குச்சீட்டில் இருந்தவை இரண்டே தேர்வுகள்: ரஷ்யாவுடன் இணைவதா, உக்ரைனுக்குள்ளேயே கிரிமியாவுக்குப் பரந்த தன்னாட்சி தந்த 1992 அரசமைப்பை மீட்பதா. இருக்கிறபடியே இருக்கட்டும் என்று நினைத்தவர் எதில் குறியிடுவார்? அதற்கு முன்பே, பிப்ரவரி 27 அன்று, ஆயுதம் தாங்கியவர்கள் பிடித்து வைத்திருந்த கிரிமிய நாடாளுமன்றத்தில், 100 இடங்களில் 3 மட்டுமே வென்றிருந்த ரஷ்ய ஆதரவுக் கட்சியின் தலைவர் அக்சியோனோவ் கிரிமியாவின் பிரதமராக்கப்பட்டார். மேலே கருத்திட்ட ஒரு நண்பர், அங்கே ரஷ்யர்கள்தானே பெரும்பான்மை என்கிறார். உண்மைதான், ஆனால் 1991-இல் இதே கிரிமியாவில் வாக்களித்தவர்களில் 54 சதவீதம் பேர் சுதந்திர உக்ரைனை ஆதரித்தார்கள். கிரிமியாவின் பூர்வகுடிகளான தாத்தார் இனத்தவரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாததுதான் எனக்குப் பெரிய வருத்தம். 1944-இல் ஸ்டாலின் அந்த இனத்தையே நாடுகடத்தினார். பல பத்தாண்டுகள் கழித்துத்தான் ஊர் திரும்ப முடிந்தது. அவர்களுடைய பிரதிநிதித்துவ அமைப்பான மெஜ்லிஸ், 2014-இன் இந்த வாக்கெடுப்பைப் புறக்கணித்தது. 2016-இல் ரஷ்யா அந்த அமைப்பையே தடைசெய்துவிட்டது.